நவம்பரில் போய்ப் பார்க்க வேண்டும்

ஜூனில் எந்த ஊரும் நல்ல ஊர்தான்.
அதனால் நவம்பரில் போனோம்,
மூன்றரை மணிக்கே விளக்குப் போடும் மாதத்தில்,
தார்ட்டுவிலிருந்து இரண்டு மணி நேரம்.
பின் இருக்கையில் லேலோவும் தோர்மியும்,
நடுவில் உடைந்த பிஸ்கட்டுகள்.

ஹெல்துருக்கு மர ஆலையில் வேலை உறுதி.
சம்பளம் தெரியும்.
வாடகையும் தெரியும்: நகரத்தில்
கார் நிறுத்தக் கொடுப்பதைவிடச் சற்றே கூடுதல்.
தெரியாதது மற்றதெல்லாம்.

பள்ளிக்கூடத்தை அளக்க எனக்கென்று ஒரு முறை உண்டு.
தேர்ச்சி விகிதம் பிறகு. முதலில் கழிப்பறை.
காகிதம் இருக்கிறதா,
சுவரில் எந்தப் பிள்ளையின் பெயர்
எந்த வசவோடு கிடக்கிறது.
இரண்டாவது கதவில் தாழ்ப்பாள் விழவில்லை.
யாரோ ஒரு கயிறு கட்டியிருந்தார்கள்,
ஆறு வயதுக் கைக்கு எட்டும் உயரத்தில்.
இதைக் குறையில் எழுதுவதா நிறையில் எழுதுவதா?
நோட்டை மூடிவிட்டேன்.

தலைமை ஆசிரியை ஹில்யா எதையும் பூசி மெழுகவில்லை.
"கணக்கு ஆசிரியர் செவ்வாயும் வியாழனும்தான்.
ஆங்கிலம் எடுப்பவரே சமையலறையிலும் நிற்பார்.
நாற்பத்தைந்துக்குக் கீழே போனால்
மேல் வகுப்புகளை எடுத்துவிடுவார்கள்.
இப்போது நாற்பத்துமூன்று."
சொல்லிக்கொண்டே என் பிள்ளைகளைப் பார்த்தார்,
முதலில் ஒருத்தியை, பிறகு ஒருவனை.
உதடு அசையவில்லை.
எண்ணியது எனக்குக் கேட்டது.

கடையில் ரொட்டிக்குப் பணம் கொடுக்கும்போது
கல்லாப் பெண் கேட்டாள்:
"அந்தச் சாம்பல் நிற வீடா? கிணற்றுத் தண்ணீர் இரும்பு நாறும்.
வடிகட்டி வாங்கிவிடுங்கள்."
நாங்கள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.
எட்டு வருஷம் எதிர்க்கதவில் இருக்கும் மனிதரின்
நாயின் பெயர்தான் எனக்குத் தெரியும்,
அவர் பெயர் தெரியாது.
இங்கே ஹெல்துர் ஒருநாள் குடித்துவிட்டு வந்தால்
எனக்கு முன்பே இவளுக்குத் தெரிந்திருக்கும்.
ரொட்டி நன்றாக இருந்தது.

பேருந்து நிறுத்தத்தில் தள்ளுவண்டியோடு பிரெட்டே.
மூத்தவனுக்கு எழுத்து கூட வராமல் மூன்று வருஷமாம்.
"அதற்கு இங்கே ஆள் கிடையாது.
வாரம் ஒருமுறை அறுபது கிலோமீட்டர்.
பஸ் ஓட்டுகிற உர்மாஸ் தன் காரில் கூட்டிப் போகிறார்,
பெட்ரோலுக்குக்கூட வாங்குவதில்லை."
ஆஹா என்றேனோ என்னவோ, முகம் சுளித்தாள்.
"நல்ல கதை சொல்லவில்லை நான்.
உர்மாஸுக்கு முதுகு வலி வந்தால்
என் பையனுக்கு அந்த வாரம் பாடம் இல்லை."

மதியச் சாப்பாட்டுக்கு எங்களையும் உட்கார வைத்தார்கள்.
லேலோ புது ஆட்களிடம் பேசமாட்டாள்.
இருபத்தெட்டுப் பேர் வகுப்பில்
கை தூக்காமலே ஒரு வருஷம் ஓட்டியவள்.
பக்கத்துப் பெண் தட்டைத் தொட்டு எச்சரித்தாள்:
"வெள்ளிக்கிழமை பீட்ரூட். தொடாதே."
அந்தப் பெண்ணின் முன்பல் பாதி உடைந்திருந்தது.
லேலோ அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
பிறகு பீட்ரூட்டை எடுத்துத் தின்றாள்.

திரும்பும் வழியெல்லாம் சண்டை.
"மூடிவிட்டால்?"
"மூடுவதற்குள் தோர்மி இரண்டாம் வகுப்பு முடிப்பான்."
"முடித்து?"
கண்ணாடித் துடைப்பான் போய்ப் போய் வந்தது.
நாமே போனால் மூடமாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்;
பிள்ளைகளைச் சுவருக்கு முட்டுக் கொடுப்பதா
என்று அவர் கேட்பார்.
நானும் கேட்பேன்.

ஞாயிறு இரவு ஹில்யா கூப்பிட்டார்.
"ஒரு சிவப்புக் கையுறை, இடது கை. உங்களுடையதுதானே?
தபாலில் அனுப்பவா, கொக்கியிலேயே தொங்கட்டுமா?"
ஹெல்துர் குழாயை மூடிவிட்டு நின்றார்.
நாளை சொல்கிறேன் என்றேன்.

காலையில் மைனஸ் ஏழு.
லேலோ வலது கைக்கு மட்டும் உறை போட்டு
இடது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு
பள்ளிக்குப் போனாள்.
அலமாரியில் இன்னும் இரண்டு ஜோடி இருந்தன.