ஹீட் நம்பர்

குறிச்சி சிட்கோவில்
மூன்றாவது ஷிஃப்டின் முதல் டீ ஆறுவதற்குள்
போனில் படித்தேன்:

எங்கோ ஒரு கோள்.
மண் கிடையாது, கல் கிடையாது, வெறும் வாயு.
வியாழனைவிடப் பருத்த உடம்பு,
எடை போட்டால் பஞ்சுப்பொதி.
தன் சூரியனை ஒட்டியே கிடக்கிறது,
உக்கடம் பஸ்ஸில் இடமில்லாமல்
எஞ்சின் பெட்டிமேல் உட்கார்ந்தவன் மாதிரி.

மூன்று நாளும் சொச்ச மணியும் அங்கே ஒரு வருஷம்.
சனிக்கிழமை சம்பளம் வருவதற்குள்
இரண்டு பொங்கல் போய்விடும்.
வருஷ வட்டிக்கு வாங்கியவன் கதியை நினைத்துக்கொண்டேன்.

பகல் பக்கத்தில் இரண்டாயிரத்து நானூறு டிகிரி.
பதினோரு வருஷமாக
உலை வாயில் பைரோமீட்டரை நீட்டி
நான் நோட்டில் எழுதுவது
ஆயிரத்து நானூற்று இருபது, முப்பது.
அந்த ஊர்க் கணக்கில் அது மார்கழி.

இரும்பு அங்கே உருகுவதோடு விடுவதில்லை.
ஆவியாகிக் காற்றேறி
இருட்டுப் பக்கம் போய்க் குளிர்ந்து
சொட்டுச் சொட்டாக விழுமாம்.
சொன்னேன்.
"தரையே இல்லீங்களே யசோதாக்கா,
எது மேல விழுவும்?" என்றான் சென்னியப்பன்.
பீடியை அணைத்துவிட்டு அவனே சொன்னான்:
"அப்பொ பெட்டி கட்டாமயே ஊத்தறாங்கொ."

இதுவரை யாரும் அதைக் கண்ணால் கண்டதில்லை.
நட்சத்திரத்தின் வெளிச்சம்
நூற்றில் ஒரு பங்கு குறைகிறது, நிமிர்கிறது.
மூன்று நாள் கழித்து மறுபடி.
அவ்வளவுதான் சாட்சி.
பக்கத்து செட்டில் கம்ப்ரஸர் போட்டால்
எங்கள் ட்யூப்லைட் ஒருமுறை கண் சிமிட்டும்.
அந்த ஆபரேட்டர் முகம் எனக்குத் தெரியாது.
செவ்வாய்க்கிழமை அவர் வரமாட்டார் என்பது தெரியும்.

ஒன்று பத்துக்குக் கரண்ட் போனது.

ஜெனரேட்டர் இருமியது, இருமியது,
எடுக்கவில்லை.
உலைக்குள் அரை டன்.
விட்டால் உள்ளேயே கட்டிவிடும்,
அப்புறம் உலையை உடைத்துத்தான் எடுக்கவேண்டும்.
"சாச்சுருங்கொ" என்று கத்தியது என் குரல்தான்.
கைச்சக்கரத்தைச் சுற்றி
மணல் குழிக்குள் கவிழ்த்தார்கள்.

சிட்கோ முழுக்க இருட்டு.
அந்தக் குழி மட்டும் பகல்.

அப்போதுதான் பிபினைப் பார்த்தேன்.
வலது கன்னம் சுட்ட செங்கல்.
இடது கன்னம் ஒடிசாவிலிருந்து வந்து இறங்கிய அன்றைக்கு இருந்த நிறம்.
ஏழு வருஷமாக
லேடிலை ஒரே கையில் பிடித்து
உலைக்கு ஒரே பக்கத்தைக் காட்டி நின்றிருக்கிறான்.
எங்களில் யாரும் இடம் மாற்றிக்கொள்ளச் சொன்னதில்லை.
போனில் இருந்த கோளும் அப்படித்தான்,
சுற்றிச் சுற்றி வந்தாலும்
சூரியனுக்குக் காட்டுவது ஒரே முகத்தை.
மறுபக்கத்துக்கு விடிந்ததே இல்லை.
இதை அவனுக்கு எந்த பாஷையில் சொல்வது?
"பிபின், நாளைக்கு அந்தப் பக்கம் நில்லு" என்றேன்.
சிரித்தான். புரியவில்லை.
புரிந்தும் இருக்கலாம்.

நோட்டை டார்ச் வெளிச்சத்தில் விரித்தேன்.
ஒவ்வொரு உருக்குக்கும் இங்கே ஒரு நம்பர் உண்டு,
கவிழ்த்ததற்கும் உண்டு.
அந்தக் கோளுக்கும் பெயர் இல்லை, நம்பர்தான்.

ஹீட் 4417.
வார்த்த பெட்டி: இல்லை.
காரணம்: மின்தடை.
உருகு நட்டம்:

இந்தக் கட்டத்தில் பேனா நின்றது.
அதன் சூரியன் அதை உரித்துக்கொண்டே இருக்கிறதாம்,
நொடிக்கு இத்தனை ஆயிரம் டன் காற்று
வெளியில் கசிந்து போகிறதாம்.
அந்தக் கணக்கை யாரோ ஒருவர்
என்னைப்போல ராத்திரி கண்விழித்து
ஒரு கட்டத்தில் எழுதியிருப்பார்.
அவருக்கும் டீ ஆறியிருக்கும்.

முழு அரை டன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆறரைக்கும் குழிக்குள் கட்டி சுட்டுக்கொண்டுதான் இருந்தது.
வாட்ச்மேன் நாச்சிமுத்து
தூக்குப்போசியை அதன்மேல் வைத்தார்.
கொதிக்கிற வரைக்கும்
குத்தவைத்துக் காத்திருந்தார்.