பூஜ்ஜியம்

ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில்
மூன்று முறை நின்றுபோனது வண்டி.
பின்னால் மிளகு ஏற்றிய ஜீப்,
அதன் ஹாரன், அதன் வசவு.
மூடிய கையையும் கொஞ்சம் திறந்ததென்றே
சொல்லிக்கொண்டிருந்ததாம் பழைய சென்சார்.

கோரிமேட்டில் புதியதை மாட்டி
இரண்டு திருகையும் இறுக்கிவிட்டு
மெர்லின் சொன்னாள்:
"ஸ்டார்ட் பண்ணுங்க. கால் மணி நேரம்
ஆக்ஸிலேட்டர்ல கை படக்கூடாது.
சும்மா இருக்கறது எதுன்னு
மொதல்ல அதுக்குத் தெரியணும்."

நின்றேன்.
ஏறி, தணிந்து, மறுபடி ஏறி
தன் குரலைத் தேடியது எஞ்சின்.
டீ குடிக்க வந்தவர்
"ஒரு முறுக்கு முறுக்கிப் பாருங்க" என்றார்.
வலது கை பேன்ட் பைக்குள் ஒளிந்தது.
உள்ளே போன்;
நாலு நாளாய்ப் பதில் வராத எண்.
அதையும் தொடவில்லை.

பதினோராம் நிமிடம்
விசிறி ஓடி அடங்கியது.
டேங்க் மேல் மறந்துவைத்த திருப்புளி
நடுங்குவதை நிறுத்தியிருந்தது.

"இப்ப முறுக்குங்க. மெதுவா."
முறுக்கினேன். விட்டேன்.
விட்டதை விட்டதென்றே
எடுத்துக்கொண்டது.

சாயங்காலம் அதே ஒன்பதாவது.
எதிரே ஏற்காடு பஸ்.
கையை விட்டேன். நிற்கவில்லை.

பத்தாவதில் மழை.