கைப்பிடி

முப்பத்தொரு வருஷம் நடக்காமல் நகர்ந்தேன்.
இப்போது நகராமல் நடக்கிறேன்,
சாட்ஸ்வொர்த்தில், என் கராஜுக்குள், காலை நாலரைக்கு,
ஆஸ்திரேலியா போன பக்கத்து வீட்டு லோஷினி
பாதி விலைக்குத் தள்ளிவிட்டுப் போன ட்ரெட்மில்லில்.

வெளியே நடக்கலாமே என்பார்கள்.
செல்போனோடு இந்த இருட்டில் இறங்கியவர்கள்
செல்போனோடு திரும்பியதில்லை.
கம்பிக்கதவைப் பூட்டிக்கொண்டு நடக்கிறேன்.
பெயின்ட் டப்பாக்களும்
ஓடாத ஒரு ஃப்ரிட்ஜும் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

தொப்பை எப்போது வந்தது என்று டாக்டர் ம்கீஸே கேட்டார்.
வந்ததா? ஏறியது. ஸ்டாப் ஸ்டாப்பாக ஏறியது.
ஸ்டியரிங்கின் கீழ்விளிம்பு உரசி உரசி
என் சட்டைகள் எல்லாம் ஒரே இடத்தில்தான் நைந்துபோகும்,
நாலாவது பொத்தானுக்குக் கீழே.
சவுந்தரி ஒட்டுப்போடுவாள். ஒட்டு
வருஷத்துக்கு ஒரு விரல் அகலமாகும்.
டாக்டர் சிரிக்கவில்லை.
நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினார்.
சர்க்கரை எண்ணை வாயால் சொல்லாமல்
சிவப்பில் வட்டமிட்டுக் காட்டினார்.

எனக்குக் கிலோமீட்டரில் நடக்க வராது.
கிராஸ்மூரில் புறப்படுவேன்.
மூச்சு இரைத்தால் மூர்ட்டன்.
காதோரம் வியர்வை இறங்கினால் மான்ட்ஃபோர்ட்.
பெல்ட் எவ்வளவு ஓடினாலும் எதிரே
அதே சுவர், அதே ஆணி, ஆணியில் அதே குடை.
நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடர்வேன்.
டர்பன் மார்க்கெட் போய்ச்சேர ஒரு வாரம் ஆகிறது,
ஐம்பது நிமிஷத்தில் நான் கொண்டுபோய் இறக்கிய மார்க்கெட்.

பழைய வேபில் புத்தகத்தில் கணக்கு எழுதுகிறேன்.
எட்டுக் கிலோ குறைந்திருக்கிறது.
எந்த ஸ்டாப்பில் இறங்கினார்கள் அந்த எட்டுப் பேரும்?
மணி அடித்ததாக ஞாபகமில்லை.

இன்று புதன். லோட்ஷெடிங் அட்டவணையைப் பார்க்க மறந்துவிட்டேன்.
வெஸ்ட்க்ளிஃப் தாண்டும்போது
பெல்ட் நின்றது.
நான் நிற்கவில்லை.
நெஞ்சு போய்ப் பலகையில் மோத,
இரண்டு கையும் தானாகக் கைப்பிடியைத் தேடிப் பிடித்தன,
கும்மிருட்டில்.

அப்போதுதான் மா டுபே வந்தாள்.

ஐந்து பத்து பஸ். பேவியூ வருவதற்குள் எல்லா சீட்டும் நிரம்பிவிடும்.
என் முதுகுக்குப் பின்னால் நின்றபடியே வருவாள்,
ஒரு கையில் கம்பி, ஒரு கையில் பை.
ஒருநாள் ஹிக்கின்சன் ஹைவே இறக்கத்தில்
டாக்ஸிக்காரன் ஒருத்தன் குறுக்கே புகுந்தான். மிதித்தேன்.
அவள் பையிலிருந்த தக்காளி முழுக்க
என் பெடலுக்கு அடியில் உருண்டு வந்தது.
கம்பியைப் பிடிக்கத் தெரியாதா என்று கத்தினேன்,
எனக்குத் தெரிந்த மூன்று மொழியிலும்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்தாள்.
மண்டியிட்டு, ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்தாள்.
என் பூட்ஸில் நசுங்கிய ஒன்றை மட்டும்
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, விட்டுவிட்டாள்.
பின்னால் ஹாரன் அடித்தார்கள். எடுத்தேன்.

முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை பிரேக் போட்டிருப்பேன்?
அத்தனைக்கும் நான் உட்கார்ந்திருந்தேன்.
பிடித்துக்கொள்ள எனக்கு
அவ்வளவு பெரிய சக்கரம் இருந்தது.

எந்திரத்தின் முகத்தில் எண்கள் அணைந்துவிட்டன.
எவ்வளவு நடந்தேன் என்று அதற்கே தெரியாது.
இனி இரண்டு மணி நேரம் கரண்ட் வராது.
இறங்கலாம். கால் இறங்கவில்லை.

சவுந்தரி டார்ச்சோடு வந்து நிற்கிறாள்.
இன்னொரு கையில் சர்க்கரை போடாத டீ.
"விழுந்துட்டீங்களா?"

"இல்ல. புடிச்சுக்கிட்டேன்."