டாலிக்கு வந்த பணம்

போனில் பேசியவன் பெயரைக் கேட்கவில்லை,
எண்ணைக் கேட்டான்.
மோசடிக்காரன் என்றுதான் நினைத்தேன்.
போன மாதம் பின் தெருப் பத்மாவதி
இப்படியொரு குரலிடம்தான் பென்ஷனைப் பறிகொடுத்தாள்.
ஆனாலும் வாய் முந்திக்கொண்டது:
நாற்பத்து நான்கு பதினேழு.
பேரன் பிறந்தநாள் மறந்துபோகிறது எனக்கு.
இது மறக்கவில்லை.

டர்பன், ஜேக்கப்ஸில் இருந்த சட்டைக் கம்பெனி.
பதினாறு வருடம், காலர் மட்டும்.
ஒரு முழுச் சட்டையை நான் தைத்ததே இல்லை.
சீனத்துச் சட்டைகள் கப்பலில் வந்திறங்கிய வருடம்
ஒரு வெள்ளிக்கிழமை கேட்டைப் பூட்டினார்கள்.
சேமநிதி என்று வாராவாரம் பிடித்தது
யாருடைய பெட்டியிலோ தூங்கிக் குட்டி போட்டிருக்கிறது.
அறுபத்தோராயிரத்து முந்நூற்றிரண்டு ரேண்ட்.

கொடுக்கிற தெய்வம்
கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்குமாம்.
சாட்ஸ்வொர்த்தில் அதற்கு அந்த வேலை மிச்சம்.
ஏப்ரல் வெள்ளத்திலேயே
என் ஆஸ்பெஸ்டாஸ் பிய்ந்துவிட்டது.
வாளி இன்னும் நடுக்கூடத்தில்.

லோகன் சொன்னான்: கூரை.
மூச்சு விடாமல் இன்வெர்ட்டர் என்றான்,
கேட்டுக்கு மோட்டார் என்றான், தானே திறந்துகொள்ள.
மருமகள் ஷாமிலா ஒன்றும் சொல்லவில்லை,
அன்று தேநீரில் ஏலக்காய் இருந்தது.
பெர்த்திலிருந்து மகள்:
டிக்கெட் எடும்மா, விசாவை நான் பார்த்துக்கறேன்.
காவடிக் கமிட்டிச் செயலாளர்
எட்டு வருடத்துக்குப் பிறகு நலம் விசாரித்தார்.
என் முழங்காலைப் பற்றி
அவருக்கு அவ்வளவு கவலை.

பணமோ வரவில்லை.
அவர்கள் தாளில் இருப்பது டாலி பிள்ளை.
என் அடையாள அட்டையில் தனலெட்சுமி.
முதல் நாளே சூப்பர்வைசர் மிஸஸ் ஃபூரி
நாக்கு மடங்காமல், நீ டாலி, என்றாள்.
பக்கத்து மெஷின் ருக்குமணி
ரூபி ஆனாள்.
டீ நேரத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.
அப்புறம் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டோம்.

போலீஸ் ஸ்டேஷனில் உறுதிமொழி:
டாலியும் தனலெட்சுமியும் ஒரே ஆள்.
முத்திரை குத்துமுன் கான்ஸ்டபிள் பெண் நிமிர்ந்தாள்,
நிச்சயம்தானே அம்மா?
எனக்கே அந்த நேரம் ஒரு சந்தேகம்.

தனலெட்சுமிக்கு வாளி தெரியும்,
எந்த மழைக்கு எத்தனை மணிக்கு நிறையும் என்று தெரியும்.
டாலிக்கு இருபத்திரண்டு வயது.
ஆறு பத்து பஸ் போய்விட்டால் அரை நாள் கூலி போச்சு.
நனைந்துகொண்டே வரிசையில் நிற்பாள்,
எதிரே போகும் கார்களில்
ஸ்டியரிங் பிடித்த பெண்களை எண்ணுவாள்.
எல்லாம் வெள்ளைக்காரிகள்.
ஒருநாள் ஒருத்தி நம் நிறம்.
அன்று முழுக்க ஒரு காலர்கூடக் கோணவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு கேட்டுப் பார்த்தாள்.
நான் இருக்கேனே, எங்க போகணும் சொல்லு, என்றார்.
நல்ல மனுஷன்.
கேட்ட இடத்துக்கெல்லாம் கூட்டிப்போனார்.
கேட்காத இடங்கள் அப்படியே இருந்தன.

பணம் வந்தது.
மூன்று பேரிடம் விலை கேட்டு
நோட்டில் எழுதினேன்:
கூரை, நாற்பத்தெட்டாயிரம்.
ஆள் அடுத்த மாதம்தான் வருவான்.
லோகனுக்குக் காட்டினேன், சந்தோஷப்பட்டான்.
அடுத்த பக்கத்தைக் காட்டவில்லை.

செவ்வாய், வியாழன், காலை பத்து மணி.
சிபுசிசோவுக்கு இருபத்தாறு வயதிருக்கும்.
கிளட்சை மெல்ல விடுங்க ஆன்ட்டி, என்கிறான்,
எத்தனையாவது தடவையோ.
தையல் மெஷின் பெடல் வேறு, இது வேறு என்று
என் பாதத்துக்கு யார் சொல்வது?

இன்று ஷால்கிராஸ் ஏற்றத்தில்
மூன்றாம் முறையாக வண்டி செத்தது.
பின்னால் டாக்ஸிக்காரன்
ஹார்னிலேயே என் வம்சத்தைத் திட்டுகிறான்.
சிபுசிசோ கை பிரேக்கை நோக்கிக் கையை நீட்டினான்.
தொடாதே, என்றேன்.

முன் கண்ணாடியில் தூறல்.
வாளியை வைத்துவிட்டு வந்தேனா?
வைப்பரைத் தேடி
இண்டிகேட்டரைப் போட்டேன்.