நிறம் மாறாத உப்பு

ஆளுக்கொரு கரண்டி உப்பு கொண்டுவரச் சொல்லியிருந்தேன்.
காகிதத்தில், தீப்பெட்டியில்,
ஒருத்தி உள்ளங்கையில், வியர்வையில் பாதி கரைந்து.

பாமீரின் பனி ஒவ்வொரு கோடையும் உருகி
மண்ணிலிருக்கும் அயோடினையும் கூட்டிக்கொண்டு
கடலுக்குப் போய்விடுகிறது.
கடலை இங்கே யாரும் பார்த்ததில்லை.

சொட்டு விடுகிறேன்.
குல்பேகிம் வீட்டு உப்பு கத்தரிப்பூ நிறம்.
நவ்ரூஸ்ஷோவினுடையது லேசாக, மனமில்லாமல்.
மற்ற பதினேழும் வெள்ளை.
எல்லாம் கிமத்ஷோவின் லாரியில் வந்த பாறை உப்பு.
"ஏன், கரிக்கவில்லையா?" என்பார்.
கரிக்கும். அதிலொன்றும் குறையில்லை.

கிமத்ஷோ என் கணவர்.

பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்கவில்லை,
கழுத்துச் சால்வையைப் பார்க்கிறார்கள்.
உள்ளே ஒரு சின்னச் சுரப்பி
வராத ஒன்றுக்காக
வருடா வருடம்
பாத்திரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே இருக்கிறது.
வாதுமையளவு. வால்நட் அளவு. இப்போது
சட்டைப் பொத்தான் மாட்டுவதில்லை.

உப்பிட்டவரை நினைக்காத நாளில்லை.

பதினெட்டாவது பொட்டலம் எங்கள் வீட்டுடையது.
அதைப் பிரிக்காமல் எடுத்துப்போகிறேன்.
இரவு, பால்தேநீரில் அவர் உப்பைக் கிள்ளும்போது
குப்பியை நீட்டுவேன்:

நீங்களே விடுங்கள்,
ஒரு சொட்டு.