இரண்டாம் பொட்டலம்

விளம்பரப் படத்தில் அவற்றுக்குக் கிரீடம் இருந்தது.
அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள்,
கடலடியில் ஒரு கோட்டை,
வாசலில் நின்று வா வா என்னும் சிரிப்பு.
வரைந்தவர் வெண்டெல் க்ரூகர்.
அதுவரை மூலநோய்க் களிம்புக்கும்
ஷூ பாலிஷுக்கும் வரைந்த கை.
பூச்சியை அவருக்கு யாரும் காட்டவில்லை.
"பார்த்துவிட்டால் கை ஓடாது" என்றார் முதலாளி.

ஒரு டாலர் பத்து சென்ட், தபால் செலவு தனி.
படக்கதைப் புத்தகத்தின் பின்னட்டையில்
தும்மல் பொடிக்குப் பக்கத்துக் கட்டம்.

டொலீடோவில், ஒரு சலவைக்கடை மாடியில்
நான் புகார்ப் பிரிவு.
பிரிவு என்றால்
நானும் ஒரு தட்டச்சு இயந்திரமும்.

பெட்டிக்குள் இரண்டு பொட்டலம் போகும்.
முதலாவது, தண்ணீரைச் சுத்தமாக்கும் தூள்.
போட்டுவிட்டு ஒரு நாள் பொறுக்க வேண்டும்.
இரண்டாவது, உயிர்.
கொட்டிய நொடியில்
பிறந்துவிட்டது பிறந்துவிட்டது என்று
சமையலறைகள் கூவும்.

முட்டை இருந்தது முதலாவதில்.
வெறும் தண்ணீர் என்று எல்லோரும் நம்பிய அந்த இரவில்
அவை பாட்டுக்குப் பொரிந்திருக்கும்.
இரண்டாவதில் கொஞ்சம் தீனி, கொஞ்சம் நீலச்சாயம்.
வெளியே சொல்லமாட்டேன் என்று
கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன்.

கிரீடம் எந்த மாதம் முளைக்கும்?
ராணியை மட்டும் தனியாக அனுப்புவீர்களா?
இதற்கெல்லாம் அச்சடித்த பதில் உண்டு:
அரச குடும்பம் கூச்ச சுபாவமுள்ளது.
பொறுத்திருங்கள்.

அப்புறம் ஆர்டிஸ் ஹாலெக் எழுதினாள்.
வயது எட்டு, நெப்ராஸ்கா, பென்சில்.

"தம்பி ஆஸ்பத்திரியில் இருக்கிறான்.
அவன் வந்ததும் போடலாமென்று
இரண்டாவதை எடுத்து வைத்தேன்.
ஆனால் தண்ணீரில் ஏதோ நகர்கிறது.
அம்மா தூசி என்கிறாள்.
தூசி திரும்பி வராது, இது வருகிறது.
இந்தப் பொட்டலம் தேவைப்படவில்லை.
வேறு யாருக்காவது கொடுங்கள்."

பிரிக்காத பொட்டலம் உறைக்குள் இருந்தது.
ஒரு மூலை மட்டும் கிழிந்திருந்தது.

மூன்று வகை அச்சுப் பதில் என்னிடம் இருந்தது.
மூன்றும் உதவவில்லை.
வெள்ளைத்தாள் செருகினேன்.
"நீ பார்த்தது சரி. தம்பிக்கும் காட்டு."
கையெழுத்துப் போடவில்லை.
விரலில் ஒட்டிய நீலம்
'த' எழுத்தில் இறங்கி
மாதக்கடைசி வரை போகவில்லை.

அடுத்த ஆண்டு முதலாளி
உறங்கும் நத்தை விற்றார்.
வெறும் ஓடு.
எழுப்பக்கூடாது என்பதே நிபந்தனை.
புகார் வரவே இல்லை,
என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

கிளம்புமுன் நத்தை ஆர்டர் சீட்டுகளில்
ஹாலெக் என்று இருக்கிறதா என்று
ஒரு மதியம் முழுக்கத் தேடினேன்.
இல்லை.