நெறி

மிட்டாய்க் காகிதத்தில் சுற்றி
முள்ளைக் கொண்டுவந்திருந்தாள் செங்கமலம்.
"இவன்தான்" என்று மேசைமேல் வைத்தாள்,
போலீசில் ஆள் காட்டுவதுபோல.

செம்பனை முள்.
உதிரிப்பழம் பொறுக்குகையில் உள்ளங்கையில் ஏறி
நான்கு நாள். நுனி உள்ளேயே நின்றுவிட்டது.
கை சிவந்து, கொதித்து, பன் மாதிரி உப்பி,
அக்குளில் கோலிக்குண்டாய் ஒரு நெறி.
"முள்ளு குத்துனது கையில,
அக்குள் ஏன் தங்கச்சி வீங்கணும்?"

பெஸ்தாரி ஜெயா என்று பலகை மாறி வருஷங்களாயிற்று.
இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்று சொல்லித்தான்
பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறார்கள்.
கிளினிக்கின் பின்னறையில் எனக்கு
ஒரு நுண்ணோக்கி, ஊதாச் சாயம்,
ஓயாமல் இருமும் ஏர்கோன்.

ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்து
காயவைத்துப் பார்க்கிறேன்.
கூட்டம்.
உட்கரு மூன்று மடலாய்ப் பிரிந்த வெள்ளணுக்கள்;
நடுநடுவே இன்னும் மடல் பிரியாத இளசுகள்.
மீசை முளைக்காததையெல்லாம்
அனுப்பிவிட்டது எலும்பு மஜ்ஜை.

முதலில் ஓடுகிறவர்கள் இவர்கள்.
வந்தவன் பேர் என்ன என்று கேட்பதில்லை.
தோல் கிழிந்த சேதி வந்ததும்
ரத்தக் குழாய்ச் சுவரைப் பிதுங்கிக் கடந்து
கிருமியை விழுங்கி, விழுங்கியே சாகிறவர்கள்.
சீழ் என்று முகம் சுளிக்கிறோமே,
அவர்கள் பிணம் அது.
சிவப்பும் சூடும் வீக்கமும்
முள் செய்ததில்லை அக்கா. நீ செய்தது.

சண்டைக்கு நிற்காத ஒரு வகையும் உண்டு.
கிருமியில் ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டு
நிணநீர் வழியே கையேறி அக்குளுக்கு வரும்.
அங்கே லட்சக்கணக்கில் காத்திருக்கிறார்கள்,
ஆளுக்கு ஒரே ஒரு சாவியோடு.
பெரும்பாலோர் எதையும் திறக்காமலே செத்துப்போவார்கள்.
துண்டைக் காட்டிக் காட்டி அலையும் அது:
இவன்தான். இவன்தான்.
யாரோ ஒருவனுக்குப் பொருந்தும்.
அவன் இரண்டாவான், நான்காவான்,
நெறிக்குள் இடம் போதாமல் போகும்.
அவன் வழிவந்தவர்கள் கவட்டை கவட்டையாய்ச் செய்து
ரத்தத்தில் விடுவார்கள்.
இரு கிளையும் கிருமியைக் கவ்வ,
காம்பைப் பிடித்து இழுப்பான் விழுங்குகிறவன்.

ஓய்ந்ததும் சிலரே மிஞ்சுவார்கள்.
இவள் மறந்த பிறகும்
இந்த முகத்தை மறக்காதவர்கள்.
தோளில் தழும்பாய்க் கிடக்கும் தடுப்பூசியும் அதுதான்,
ஆள் வருமுன்பே காட்டிவைத்த போட்டோ.

கக் சைத்தோன் பாரத்தோடு எட்டிப் பார்க்கிறார்.
குடியுரிமைக் கட்டம் காலியாம்.
இடக்கையால் கைப்பையைத் துழாவுகிறாள் செங்கமலம்.
சிவப்பு அடையாள அட்டை.
ஆற்றுக்கு அக்கரைத் தோட்டத்தில்,
லயத்தின் கடைசி வீட்டில் பிறந்து ஐம்பத்தெட்டு வருஷம்.
பிறப்புப் பத்திரம் எடுக்க அன்றைக்கு யாரும் போகவில்லை.

உடம்பும் அட்டை கேட்கும்.
ஒவ்வோர் உயிரணுவும் வாசலில் நீட்டியபடி நிற்கும்:
நான் இந்த வீடு.
நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு சுரப்பியில் பயிற்சி.
சொந்த ஆளைக் கண்டு கத்தி எடுக்கிறவன்
அங்கிருந்து உயிரோடு வெளியே வரக்கூடாது.
அப்படியும் சிலர் தப்பிவிடுவார்கள்.
எனக்குத் தெரியும்.
விடிகாலையில் என் விரல் மூட்டுகள் பூட்டிக்கொள்கின்றன,
பேனா மூடியைப் பல்லால் திறக்கிறேன்.
அந்நியர் யாருமில்லை, என் ஆட்களேதான்,
அட்டையைச் சரியாகப் படிக்காதவர்கள்.

கட்டத்தில் கக் சைத்தோன் என்னவோ எழுதிக்கொண்டு போகிறார்.
நான் எண்ணி முடிக்கிறேன்: பதினெட்டாயிரத்து இருநூறு.
டாக்டர் கீறி நுனியை எடுப்பார்.

"நெறி எப்போ இறங்கும்?"
"வேலை முடிஞ்சதும் இறங்கிடும் அக்கா."
"எனக்கு நாளைக்கே வேலை இருக்கே" என்கிறாள்,
முள்ளைத் திரும்பவும் காகிதத்தில் மடித்து
சிவப்பு அட்டைக்குப் பக்கத்தில்
பத்திரமாக வைத்துக்கொண்டு.